இரண்டு பேர், ஒரு ஸ்பீக்கர்: வீட்டில் ஓடும் பாட்டு உறவை என்ன செய்கிறது? முழுமையான வழிகாட்டி

1979-இல் முதல் வாக்மேன் (கையோடு எடுத்துப்போகும் கேசட் கருவி) கடைக்கு வருவதற்கு முன், சோனியின் நிறுவனர்களில் ஒருவரான அகியோ மொரீட்டா அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்த்தார். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டில் மூழ்கியிருக்க, தன்னை ஒதுக்கிவிட்டதாக மனைவிக்கு எரிச்சல் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான், இரண்டு பேர் சேர்ந்து கேட்க வழி வேண்டும் என்று மொரீட்டா முடிவு செய்தார். முதல் மாடலில் இரண்டு ஹெட்போன்களைச் செருக இடம் இருந்தது. கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான்: அதை அழுத்தினால் பாட்டு தணியும், கருவியில் இருந்த மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். பின்னாளில் மாடல்கள் மாற மாற இரண்டுமே மறைந்துபோயின.

வீட்டில் பாட்டு கேட்பது காதலை என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பாதி பதில் அந்த ஆரஞ்சுப் பொத்தானில் இருக்கிறது என்பேன். இருவருக்கும் ஒரே ரசனையா என்பது நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. பாட்டு ஓடும்போது மற்றவர் கூப்பிட்டால் காதில் விழுகிறதா, "கொஞ்சம் குறையேன்" என்று சொல்லும் உரிமை இருவருக்கும் இருக்கிறதா, அடுத்த பாட்டு எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பவைதான் பெரிய விஷயங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கோணத்தில்தான் போகும்.

## தொடங்குமுன்: ஆராய்ச்சிகளை எவ்வளவு நம்பலாம்?

இந்தத் தலைப்பில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஸ்பீக்கர் தயாரிக்கும் சோனோஸ் நிறுவனமும் ஆப்பிள் மியூசிக்கும் சேர்ந்து நடத்தியது. நரம்பியல் அறிஞர் டேனியல் லெவிட்டினும் அதில் பங்கேற்றார். 30 வீடுகளில் ஒரு வாரம் பாட்டே கிடையாது, அடுத்த வாரம் பாட்டு சத்தமாக ஓடும். பாட்டு ஓடிய வாரத்தில் வீட்டில் இருப்பவர்கள் இன்னும் நெருங்கி இருந்தார்கள், சேர்ந்து அதிக நேரம் கழித்தார்கள் என்று முடிவு வந்தது. இருக்கலாம். ஆனால் ஸ்பீக்கர் விற்கும் நிறுவனம் ஸ்பீக்கரால் அன்பு வளர்கிறது என்று சொன்னால், கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது. பாட்டை ஒரு வாரம் பறித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தால் எந்த வீடும் குஷியாகத்தானே இருக்கும்!

இதைவிட உருப்படியாக எனக்குப் படுவது வேறு இரண்டு ஆய்வுகள். 2006-இல் ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் என்ற இரு உளவியலாளர்கள், முன்பின் தெரியாதவர்களை ஆறு வாரம் இணையம் வழியாகப் பேசிப் பழகவிட்டார்கள். அவர்கள் அதிகம் பேசிய விஷயங்களில் இசை முன்னால் நின்றது. 2011-இல் டயானா போயரும் சக ஆய்வாளர்களும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: ஒரே மாதிரிப் பாட்டு பிடித்தவர்களை நமக்கு ஏன் பிடித்துப்போகிறது? பாட்டை வைத்து "இவரும் வாழ்க்கையை என்னைப்போலத்தான் பார்க்கிறார்" என்று நாம் ஊகித்துக்கொள்வதே காரணம் என்று அவர்கள் கண்டார்கள்.

ஆக, பழகத் தொடங்கும் காலத்தில் பாட்டு என்பது பேசும் பொருள். உன்னைப் பற்றி நான் தெரிந்துகொள்ள ஒரு வழி. ஒரே கூரையின் கீழ் வந்த பிறகு அது வெறும் சத்தமாகவும் ஆகிவிடுகிறது. மின்விசிறி வேகத்தைப் போலத்தான், ஸ்பீக்கரை ஒருவருக்கு மட்டும் என்று வைக்க முடியாது. காதலிக்கும்போது இனித்த அதே ரசனை, கூடி வாழும்போது தலைவலியாவது இங்கேதான்.

## படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

எடுத்த எடுப்பில் சேர்ந்து கேட்க பிளேலிஸ்ட் போடாதீர்கள். முதலில் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். எந்த நேரத்தில் பாட்டு ஓடுகிறது? யார் போடுகிறார்? ஸ்பீக்கரா, காதிலா? மற்றவர் அறைக்குள் வந்ததும் சத்தம் குறைகிறதா, கூடுகிறதா, அப்படியே இருக்கிறதா?

முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள்: பாட்டை நிறுத்துவது யார். பல வீடுகளில் ஒருவர் போடுபவர், இன்னொருவர் நிறுத்துபவர் என்று பாத்திரங்கள் தானாகவே பிரிந்திருக்கும். போடுபவருக்கு மற்றவர் எப்போதும் ரசனை கெட்ட ஆளாகத் தெரிவார். நிறுத்துபவருக்கு மற்றவர் எப்போதும் இங்கிதம் தெரியாத ஆள். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்காது. ஒருவர் நாள் முழுக்கப் பேச்சும் இரைச்சலும் கேட்டுவிட்டு அமைதி தேடி வீட்டுக்குள் வருகிறார், இன்னொருவர் நாள் முழுக்கத் தனியாக இருந்துவிட்டுச் சத்தத்துக்கு ஏங்குகிறார். அவ்வளவுதான் பல சமயம் கதை.

சிலருக்குச் சத்தம் உண்மையிலேயே உடம்பைத் தொந்தரவு செய்யும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், சில வகை ஒலிகளைத் தாங்க முடியாதவர்கள் இதில் அடக்கம். "உனக்கு என் பாட்டே பிடிக்காது" என்று அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

## படி 2: சத்த அளவை ஒருமுறை பேசி முடியுங்கள்

சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். பாட்டு அதைத் தொட்டுவிட்டால் பேசுபவர் குரலை உயர்த்தத் தொடங்குவார், தனக்கே தெரியாமல். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார்ட் 1911-இல் விவரித்த விஷயம் இது. இன்றும் லொம்பார்ட் விளைவு என்றுதான் பெயர். உறவுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குரல் உயர்ந்தால் காதுக்கு அது கோபமாகக் கேட்கும். "சாவி எங்கே?" என்று கேட்டதற்கு "ஏன் கத்துற?" என்று பதில் வரும். அதற்கப்புறம் சண்டை சாவியைப் பற்றியதாக இருக்காது.

ஒரு எளிய சோதனை: பாட்டை ஓடவிட்டு, அறையின் இரு மூலைகளில் மூலைக்கொருவராக நின்று வழக்கமான குரலில் ஒரு வாக்கியம் பேசுங்கள். திரும்பக் கேட்க வேண்டி வந்தால் சத்தம் அதிகம். கேட்கும் அளவுக்குக் குறைத்து, அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் வீட்டில் இருக்கும்போது அதுதான் அளவு. ஒருவர் மட்டும் இருக்கும்போது அவர் பாடு. ஆனால் காதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே! பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. ஒருவருக்குக் கேட்கும் திறன் குறையத் தொடங்கினால் வீட்டில் சத்த அளவு மெல்ல மெல்ல ஏறும், அதோடு சண்டையும் ஏறும். வருடா வருடம் வால்யூம் கூடிக்கொண்டே போகிறது என்று மற்றவர் சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

ஒருவர் படிக்கிறார், எழுதுகிறார் என்றால் சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. புரியும் மொழியில் உள்ள வரிகள் மெல்ல ஒலித்தாலும் மூளையின் மொழி வேலையில் குறுக்கிடும். அந்த நேரத்துக்கு வெறும் வாத்திய இசை, அல்லது ஹெட்போன்.

## படி 3: ஹெட்போனுக்கு ஒரு வாசல் வையுங்கள்

ஹெட்போன் உறவைக் கெடுக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். சின்ன வீட்டில் இரண்டு பேர் மூச்சுவிட அது ஓர் அறை மாதிரி உதவும். சிக்கல் பாட்டில் இல்லை, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததில்தான் இருக்கிறது. ஒருவர் ஏதோ சொல்கிறார், பதில் இல்லை. கேட்கவில்லையா, கேட்டும் பேசவில்லையா?

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளைப் பல ஆண்டுகள் கவனித்துச் சொன்னவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இது: உறவு பெரிய பேச்சுகளில் மட்டும் நிற்பதில்லை, "அந்தப் பறவையைப் பாரேன்" என்பது போன்ற சின்னச் சின்ன அழைப்புகளுக்கு மற்றவர் திரும்புகிறாரா என்பதில் நிற்கிறது. இரைச்சல் நீக்கும் ஹெட்போன் இந்தச் சின்ன அழைப்புகளைத்தான் முதலில் விழுங்கும். "நெருப்பு" என்று கத்தினால் கேட்டுவிடும், "பறவையைப் பாரேன்" கேட்காது. நான்கு முறை பதில் வராவிட்டால் ஐந்தாம் முறை யாரும் கூப்பிடுவதில்லை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு, ஒன்று போதும். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி இப்போது பல இயர்போன்களில் இருக்கிறது. வீட்டில் அதைப் போட்டே வையுங்கள். அல்லது ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். இரண்டும் பிடிக்காவிட்டால், மாட்டுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "அரை மணி நேரம் பாட்டு கேட்கப்போறேன், ஏதாவதுன்னா தோளைத் தட்டு." இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது ஒதுக்குவதாகத் தெரியாது. சொல்லாமல் மாட்டினால் தெரியும், அதுவும் பேச்சு நடுவில் மாட்டினால் கட்டாயம் தெரியும்.

## படி 4: போடும் உரிமையைப் பங்கிடுங்கள்

ஸ்பீக்கர் யார் போனோடு இணைந்திருக்கிறதோ அவர்தான் வீட்டின் இசை அமைச்சர். முதலில் இரண்டு போன்களையும் இணைத்து வையுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் "உன் போன்லதானே கனெக்ட் ஆகியிருக்கு" என்ற சாக்கு அதோடு போய்விடும்.

அப்புறம் முறை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்குப் பாட்டு மாறினால் போட்டிபோல ஆகிவிடும். ஒரு மாலை உன்னுடையது, ஒரு மாலை என்னுடையது என்பது அமைதியான ஏற்பாடு. இதில் ஒரே கட்டுப்பாடு: அடுத்தவர் முறையில் பாட்டைத் தாண்டிவிடச் சொல்லக் கூடாது, ஒரே ஒரு பாட்டைத் தவிர. அந்த ஒன்றுக்குக் காரணம் கேட்கவும் கூடாது. ஏன் என்பது படி 7-இல் புரியும்.

இருவரும் ஒரே கணக்கில் பாட்டு கேட்டால் ஆப் குழம்பும். ஒருவர் உடற்பயிற்சிக்குப் போடும் தடதடப்பும் இன்னொருவர் தூங்கப் போடும் வீணையும் கலந்து, கடைசியில் பரிந்துரை யாருக்கும் பிடிக்காத ஒன்றாக வரும். தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டு, பொதுவுக்கு மட்டும் இருவரும் சேர்க்கக்கூடிய ஒரு பிளேலிஸ்ட் வைப்பது மேல். ஸ்பாட்டிஃபையில் இருவரின் ரசனையையும் கலந்து தானே பட்டியல் போடும் பிளெண்ட் என்ற வசதி 2021-இலிருந்து இருக்கிறது. வேடிக்கைக்கு நல்லது. ஆனால் ஒருவர் மற்றவரை நினைத்து ஒரு பாட்டைத் தேடிப்போடுவதற்கு அது ஈடாகாது.

## படி 5: மற்றவர் பாட்டை மூன்று தடவையாவது கேளுங்கள்

உங்களுக்கு உயிரான பாட்டைப் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனசு சுருங்கிப்போகும். இதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை.

2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் சட்டோரேயும் நடத்திய ஆய்வில், தங்களுக்கு மிகவும் பிடித்த இசையைக் கேட்டவர்களின் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை அளந்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் மட்டுமல்ல, அந்தக் கணம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும் மூளையின் இன்னொரு பகுதியில் அது சுரந்தது. நூறு முறை கேட்ட உங்களுக்குச் சரணம் எங்கே ஏறும், வயலின் எங்கே நுழையும் என்று தெரியும். முதல்முறை கேட்பவருக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. பாதி இன்பம் அங்கேயே போய்விட்டது. மறுபக்கம், ஒன்றை அடிக்கடி எதிர்கொண்டாலே அதன்மேல் விருப்பம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயன்ட்ஸ் 1968-இலேயே காட்டினார். ஆகவே முதல் தடவையே தீர்ப்பு கேட்காதீர்கள். வேறு வேலையாக இருக்கும்போது பின்னணியில் சில நாள் ஓடட்டும். ஒரு வாரம் கழித்து அவர் அறியாமலே அதை முணுமுணுப்பதைக் கேட்டாலும் கேட்பீர்கள். அப்போது "பார்த்தியா!" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அதற்கும் பிறகு பிடிக்கவில்லையா? சரி, விடுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லலாம், கேலி செய்யக் கூடாது. பாட்டை வைத்து ஒருவரின் மனப்போக்கையே எடைபோடுகிறோம் என்பதை மேலே பார்த்தோம். அதனால் "இதெல்லாம் ஒரு பாட்டா" என்பது கேட்பவர் காதில் "நீயெல்லாம் ஒரு ஆளா" என்றுதான் விழும். விருந்தினர் முன் சொன்னால் இரட்டிப்பாக விழும்.

## படி 6: சண்டையின்போது கை ஸ்பீக்கர் பக்கம் போக வேண்டாம்

வாக்குவாதத்தின் நடுவே பாட்டைப் போடுவது, போட்ட பாட்டின் சத்தத்தைக் கூட்டுவது, குத்தலான வரிகள் உள்ள பாட்டாகத் தேடிப்போடுவது: மூன்றுமே பேச்சைத் துண்டிக்கும் வேலை. மூன்றாவது கொஞ்சம் சுவையானதும்கூட, செய்பவருக்கு.

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் நிதானமாகப் பேச முடியாது, குறைந்தது 20 நிமிடம் விலகி இருங்கள் என்பது காட்மனின் அறிவுரை. அந்த 20 நிமிடத்தில் பாட்டு நன்றாகவே உதவும், தனியாகக் கேட்டால். எந்தப் பாட்டு? நேராக மெல்லிசைக்குத் தாவினால் எரிச்சல்தான் கூடும். 1940-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் முன்வைத்த முறை இசைச் சிகிச்சையில் இன்னும் புழங்குகிறது: முதலில் இப்போதைய மனநிலைக்கு ஒத்த இசை, பிறகு படிப்படியாக நீங்கள் போய்ச்சேர விரும்பும் மனநிலைக்கான இசை. கோபமாக இருந்தால் முதலில் வேகமான ஒன்று, அடுத்தது கொஞ்சம் நிதானமானது, அதற்கடுத்தது மெதுவானது. நான்கைந்து பாட்டுகளை இப்படி வரிசைப்படுத்தி முன்பே வைத்திருங்கள். கோபத்தில் தேட முடியாது. அநியாயம் செய்யப்பட்டவரின் ஆற்றாமையைப் பாடும் பாட்டு வேண்டாம். உங்கள் பக்க வாதத்துக்கு அது இன்னும் நான்கு குறிப்பு எடுத்துக்கொடுக்கும்.

கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். 2006-இல் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் வெவ்வேறு வேகத்தில் இசை கேட்டவர்களின் மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்தார்கள். வேகமான இசைக்கு எல்லாம் ஏறின. ஆனால் நடுவில் விட்ட இரண்டு நிமிட இடைவெளியில், இசை தொடங்குவதற்கு முன் இருந்த நிலையைவிடவும் கீழே இறங்கின. பிறகு போய்ப் பேசுங்கள்.

## படி 7: நினைவுகளோடு வரும் பாட்டுகள்

பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுகள்தான் வாழ்நாள் முழுக்க நினைவோடு அதிகம் ஒட்டியிருக்கும். அந்த வயதில் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் உங்கள் துணைக்கு மிகவும் நெருக்கமான பாட்டுகளில் நீங்கள் இல்லை. வேறு யாரோ இருக்கிறார்கள்: ஒரு நண்பர், இறந்துபோன ஓர் உறவு, ஒருவேளை பழைய காதல்.

"இந்தப் பாட்டு வந்தா ஏன் ஒரு மாதிரி ஆயிடுற?" என்று குடைய வேண்டாம். சொல்ல வேண்டும் என்றால் அவரே சொல்வார். படி 4-இல் காரணம் கேட்காமல் தாண்டிவிட ஒன்று என்று வைத்தது இதற்காகத்தான். அதே நேரத்தில், உங்களுக்கு ஒரு பாட்டு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தால், அது வீட்டில் ஓட வேண்டாம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

இருவருக்குமான பாட்டு என்று ஒன்று இருந்தால் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். அலாரமாக வைக்காதீர்கள், ரிங்டோனாக வைக்கவே வைக்காதீர்கள். தினமும் தூக்கத்திலிருந்து பிடுங்கி எழுப்பும் பாட்டின் மேல் எந்த நினைவும் நிலைக்காது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் தேடிப்பிடித்து அறிவிக்கத் தேவையில்லை. சேர்ந்து செய்யும் ஒரு வேலைக்கு, ஒரு பயணத்துக்கு, ஒரே தொகுப்பைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். அது தானே ஒட்டிக்கொள்ளும்.

## படி 8: படுக்கையறை

இங்கே தூக்கம் லேசாக உள்ளவர் சொல்வதே சட்டம். பாட்டு இல்லாமல் தூக்கம் வராது என்பவர் தலையணை ஸ்பீக்கரோ ஒற்றை இயர்போனோ வைத்துக்கொள்ளலாம், தானே அணையும்படி நேரம் குறித்துவிட்டு. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, படுக்கப்போகும் முன் கேட்கும் பாட்டு தலைக்குள் சுற்றிச் சுற்றி ஓடித் தூக்கத்தைக் கெடுக்கலாம் என்கிறது. தெரிந்த பாட்டின் வரியில்லாத வடிவம் இன்னும் மோசம். விட்ட வரிகளை மூளை தானே போட்டு நிரப்பப் பார்க்கிறது போலும்.

நெருக்கமான நேரத்துக்குப் பாட்டு வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். நடைமுறையில் இரண்டு விஷயம்: விளம்பரம் குறுக்கிடும் இலவசக் கணக்கு வேண்டாம், போனுக்கு வரும் அழைப்பு ஸ்பீக்கரில் ஒலிக்காதபடி அமைத்துவிடுங்கள்.

## படி 9: கேட்பதோடு நிறுத்தாதீர்கள்

சேர்ந்து உட்கார்ந்து கேட்பதைவிடச் சேர்ந்து அசைவதற்குச் சக்தி அதிகம். 2015-இல் பிரோன்வின் டார், ராபின் டன்பார் உள்ளிட்டோர் பிரேசில் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஒரே அசைவுகளை ஒரே நேரத்தில் ஆடியவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியது, கூட ஆடியவர்கள்மேல் நெருக்கமும் கூடியது. வலி தாங்கும் திறனை, உடம்பே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்ஃபின் சுரப்பதன் மறைமுக அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆடத் தெரிய வேண்டியதில்லை. துணி மடிக்கும்போது ஒரே தாளத்தில் இருவர் கையும் போனாலே ஒரு தொடக்கம்தான். பாடுவதும் அப்படியே. சுருதி சேராவிட்டால் இன்னும் நல்லது, சிரிப்பாவது வரும்.

## பாட்டால் தீராதவை

வீட்டில் எந்தப் பாட்டும் போடக் கூடாது என்று ஒருவர் தடுப்பது, மற்றவர் கேட்கும் பட்டியலைத் துருவி "இது யாருக்காக?" என்று விசாரிப்பது, பிடித்ததைக் கேட்கப் பயந்து அவர் வீட்டில் இல்லாத நேரத்துக்காகக் காத்திருப்பது: இவை இசைப் பிரச்சினைகள் அல்ல, அதிகாரப் பிரச்சினைகள். இந்த வழிகாட்டியின் எந்தப் படியும் அதற்கு உதவாது. நம்பிக்கையான ஒருவரிடமோ ஆலோசகரிடமோ பேச வேண்டிய விஷயம் அது.

## ஒரே வீட்டில் இல்லாதவர்களுக்கு

தொலைவில் இருப்பவர்கள் அழைப்பில் பேசிக்கொண்டே ஒருவர் போனைப் பாட்டுப் பக்கம் நீட்டுவது வழக்கம். அது சரியாக வராது. அழைப்புச் செயலிகள் மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டவை. இசையை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும், விட்டுவிட்டுத்தான் கேட்கும். இருவரும் தனித்தனிக் கருவியில் அதே பாட்டைத் திறந்து வைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். ஹெட்போனில் கேளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாட்டு மைக் வழியாக அவருக்கும் எதிரொலிக்கும். நெட் மெதுவாக இருந்தால் பாட்டுகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி முன்பின் ஆனால் பரவாயில்லை, அவரவர் காதில் அவரவர் பாட்டு ஓடுவதால் அது தெரியாது. சேர்ந்து பாட முயன்றால் மட்டும் தெரியும்.